போர்க்காலச் சிங்கப்பூரின் அவசர மருத்துவமனைகள்: திட்டமிட்டது என்ன, நடந்தது என்ன?

1941 டிசம்பர் 8ஆம் தேதி விடியற்காலை நான்கு மணியளவில் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர் மீது முதன்முறையாகக் குண்டு வீசின. அப்போது நகரின் தெருவிளக்குகள்கூட அணைக்கப்படவில்லை. ராஃபிள்ஸ் பிளேஸ், சைனாடவுன் பகுதிகளிலும் தெங்கா, சிலேத்தார் விமானத் தளங்களிலும் குண்டுகள் விழுந்தன. அன்று 61 பேர் உயிரிழந்தனர். பத்து வாரங்களுக்குள், 1942 பிப்ரவரி 15ஆம் தேதி மாலை, பிரிட்டிஷ் படை சரணடைந்தது.

இந்தப் பத்து வாரங்களின் போர்க்கதை பலருக்குத் தெரியும். காயம்பட்டவர்களை எங்கே படுக்க வைத்தார்கள், அதற்கு முன்கூட்டி என்ன ஏற்பாடு இருந்தது, அந்த ஏற்பாடு எங்கே உடைந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தேக்கா, அவுட்ரம், காத்தோங் என்று நாம் அன்றாடம் கடந்து செல்லும் பல இடங்கள் அந்தக் கதையில் வருகின்றன.

எந்தப் போருக்கான திட்டம்?

சிங்கப்பூரைப் பிரிட்டிஷார் கடற்கோட்டையாகவே பார்த்தனர். எதிரி கடல்வழியாக வருவான், இங்கிலாந்திலிருந்து போர்க்கப்பல்கள் வந்து சேரும்வரை தீவு தாக்குப்பிடித்தால் போதும் என்பதுதான் கணக்கு. அந்தக் காத்திருப்புக் காலம் போருக்கு முன் ஒரு கட்டத்தில் 70 நாட்கள் என்று வைக்கப்பட்டிருந்தது. 1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டதும் அது 180 நாட்களாக உயர்த்தப்பட்டது. உணவு, மருந்து, எரிபொருள் ஆகிய கையிருப்புகளுக்கு எல்லாம் இந்த நாட்கணக்கே அடிப்படை.

எதிரி வந்ததோ தாய்லாந்து எல்லையிலிருந்தும் கிளந்தான் கடற்கரையிலிருந்தும் தரைவழியாக. படை பின்வாங்கப் பின்வாங்க, வடக்கே இருந்த ராணுவ மருத்துவமனைகளும் நோயாளிகளும் தாதியரும் தெற்கு நோக்கி நகர்ந்தனர். அவர்களோடு பொதுமக்களும் திரள் திரளாக வந்தனர். போருக்கு முன் ஐந்தரை லட்சம் அளவில் இருந்த நகரத்தில், 1942 பிப்ரவரியில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் அடைந்து கிடந்தனர். மருத்துவமனைப் படுக்கைகளைக் கணக்கிட்டபோது இப்படியொரு நெருக்கடியை யாரும் எதிர்பார்க்கவில்லை.

போருக்கு முன் இருந்த மருத்துவமனைகள்

அவுட்ரம் சாலையில் இருந்த பொது மருத்துவமனைதான் நகரின் முதன்மையான மருத்துவமனை. 1926இல் போயர், ஸ்டான்லி, நோரிஸ் என்ற மூன்று புதிய கட்டடங்களுடன் 800 படுக்கைகள் கொண்டதாக அது திறக்கப்பட்டது. கிங் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் அதே வளாகத்தில் இருந்தது.

மோல்மின் சாலையில் தான் டோக் செங் மருத்துவமனை இருந்தது. தேக்காவுக்கு அருகே கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனை, அதாவது இன்று நாம் கேகே என்று அழைப்பது, 1924 முதல் பிரசவங்களைக் கவனித்து வந்தது. இயோ சூ காங்கில் 1928இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை இருந்தது.

ராணுவத்துக்குத் தனி ஏற்பாடு. அலெக்சாண்ட்ரா சாலையில் 1940இல் புதிய பிரிட்டிஷ் ராணுவ மருத்துவமனை திறக்கப்பட்டது. உறுதியான காங்கிரீட் கட்டடம், அகலமான தாழ்வாரங்கள், நவீன அறுவைக்கூடம் என்று அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்தில் பேர்பெற்ற மருத்துவமனை அது.

இந்தியப் படையினருக்கு அப்படிப்பட்ட கட்டடம் கிடைக்கவில்லை. தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில், ஜொகூர் சுல்தானுக்குச் சொந்தமான டயர்சால் தோட்டத்தில், அத்தாப்புக் கூரை வேய்ந்த குடிசை வரிசைகளில் இந்திய ராணுவ மருத்துவமனை அமைக்கப்பட்டது. மலாயாவில் போரிட்டவர்களில் மிகப் பெரும் பங்கினர் இந்தியப் படையினர். சரணடைந்த இரண்டாம் நாள் ஃபேரர் பார்க் திடலில் ஒன்றுகூட்டப்பட்ட இந்தியப் போர்க்கைதிகள் மட்டுமே சுமார் 45,000 பேர். அவ்வளவு பேருக்கான முதன்மை மருத்துவமனைக்குத் தீப்பிடித்தால் நிமிடங்களில் எரிந்துபோகும் கூரைதான் கிடைத்தது.

ஆஸ்திரேலியப் படைக்கு இரண்டு பெரிய மருத்துவப் பிரிவுகள் வந்தன. ஒன்று 1941 பிப்ரவரியில் வந்து மலாக்கா மருத்துவமனையின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. மற்றொன்று 1941 செப்டம்பரில் வந்து முதலில் காத்தோங்கில் உள்ள செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியில் தங்கியது. பிறகு ஜொகூர் பாருவுக்கு அருகே தம்போய் மனநல மருத்துவமனைக்கு மாறியது. ஜனவரிக் கடைசியில் போர் ஜொகூரை நெருங்கியதும் மறுபடி அதே காத்தோங் பள்ளிக்குத் திரும்பியது. மலாக்காவில் இருந்த பிரிவும் சிங்கப்பூருக்கு வந்து, புக்கிட் தீமா பக்கம் ஓல்டம் ஹால் என்ற பள்ளி விடுதியிலும் மேனர் ஹவுஸ் என்ற கட்டடத்திலும் மருத்துவமனை நடத்தியது.

பள்ளிக்கூடத்தை மருத்துவமனையாக மாற்றுவது அந்நாளைய போர்த் திட்டங்களில் வழக்கமான வழி. பெரிய அறைகள், அகன்ற கதவுகள், கழிப்பறைகள், திறந்த திடல், வண்டி வந்து நிற்க இடம் எல்லாம் அங்கே தயாராக இருக்கும். கரும்பலகையைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டால் வார்டு தயார். அறுவை சிகிச்சைக்கு வேண்டிய வெளிச்சமும், கருவிகளைக் கொதிக்க வைக்க வெந்நீரும், கழிவை அகற்றும் வழியும்தான் அங்கே சிரமம்.

நகர மக்களுக்கான ஏற்பாடு

பொதுமக்களுக்காக மருத்துவத் துணைப்படை அமைக்கப்பட்டது. எல்லா இனத்தவரும், பெண்களும் அதில் சேர்ந்தனர். முதலுதவி நிலையங்களில் காயத்தைக் கட்டுவது, இரத்தப்போக்கை நிறுத்துவது, கடுமையாகக் காயம்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது அவர்களின் வேலை. மருத்துவக் கல்லூரி மாணவர்களும் மருத்துவமனைகளில் உதவிக்கு நிறுத்தப்பட்டனர்.

இந்த முறைக்கு ஒரு காரணம் உண்டு. குண்டுவீச்சு நடந்த சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கானோர் ஒரே வாசலுக்கு வந்து சேர்வார்கள். இலேசாகக் காயம்பட்டவர் நடந்தே முதலில் வந்துவிடுவார். உயிருக்குப் போராடுபவர் ஸ்ட்ரெச்சரில் கடைசியாக வருவார். வழியிலேயே பிரித்து அனுப்பாவிட்டால் படுக்கையும் மருத்துவரின் நேரமும் தேவை குறைந்தவருக்கே போய்விடும்.

பதுங்குமிடங்கள் அதிகம் கட்டப்படவில்லை. நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் ஆழமாகத் தோண்ட முடியாது என்று அதிகாரிகள் கூறினர். ஆகவே சைனாடவுன் போன்ற நெருக்கமான கடைவீட்டுப் பகுதிகளில் குண்டு விழும்போதெல்லாம் காயம்பட்டோர் எண்ணிக்கை எகிறியது. பாதுகாப்பிடத்தில் விட்ட குறை மருத்துவமனை வாசலில் வந்து நின்றது.

பினாங்கு தந்த எச்சரிக்கை

சிங்கப்பூரில் முதல் குண்டு விழுந்த சில நாட்களில் இன்னொரு துறைமுகமும் அடிபட்டது. 1941 டிசம்பர் 11ஆம் தேதி பினாங்கு ஜார்ஜ் டவுன் மீது பகல் வேளையில் குண்டுகள் விழுந்தன. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடி நின்றவர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தனர். காயம்பட்டவர்களை ஏற்க மருத்துவமனையால் முடியவில்லை.

டிசம்பர் 16ஆம் தேதி இரவு ஐரோப்பியர்கள் பினாங்கைவிட்டு வெளியேற்றப்பட்டனர். ஆசியர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்து, பல இனத் தலைவர்களுடன் சேர்ந்து ஒரு சேவைக் குழு அமைத்து ஊரின் பொறுப்பை ஏற்றார். மேலும் குண்டு விழாமல் இருக்க, கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியதும் அவர்தான்.

இதிலிருந்து திட்டமிடுவோர் கற்க வேண்டிய பாடம் ஒன்று இருந்தது. ஒரு படுக்கை என்பது கட்டிலும் மெத்தையும் மட்டும் அல்ல. அதற்கொரு தாதி, ஒரு டிரெசர், சமைப்பவர், கழிவு அள்ளுபவர், தண்ணீர் கொண்டு வருபவர் எல்லாரும் சேர்ந்ததுதான் படுக்கை. மேலிடத்தில் இருப்பவர்கள் கப்பல் ஏறியபின் மருத்துவமனையை நடத்தியவர்கள் உள்ளூர் மருத்துவர்களும் தாதியரும் தொழிலாளர்களும்தான். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. துரை ஊருக்குப் போனாலும் தோட்ட ஆஸ்பத்திரியை டிரெசர்தான் நடத்துவார். போர்க்காலத்தில் துறைமுக நகரங்களிலும் அதுவே நடந்தது.

இடத் தேர்வில் இருந்த ஆபத்து

அமைதிக் காலத்தில் மருத்துவமனையை மக்கள் கூடும் இடத்துக்கு அருகே கட்டுவதுதான் சரி. அவுட்ரம் மருத்துவமனை தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் பக்கத்தில் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த நம்மவர்களுக்கும் அதுதான் அருகில் இருந்த பெரிய மருத்துவமனை. போர் வந்ததும் அதே அருகாமை ஆபத்தாக மாறியது. துறைமுகத்தைக் குறிவைத்த குண்டுகள் மருத்துவமனையைச் சுற்றியும் விழுந்தன.

அலெக்சாண்ட்ராவின் நிலை இன்னும் மோசம். படைமுகாம்களுக்கு அருகே இருந்தால் வசதி என்று தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் அது. அதே வட்டாரத்தில்தான் ராணுவத்தின் முக்கிய வெடிமருந்துக் கிடங்கும் நார்மன்டன் எண்ணெய்க் கிடங்கும் இருந்தன. கடைசி நாட்களில் பாசிர் பாஞ்சாங் மேட்டிலிருந்து போர்முனை நேராக அந்தப் பக்கம் நகர்ந்தது.

டயர்சால் குடிசைகளுக்குப் பக்கத்திலும் படைமுகாம் இருந்தது. 1942 பிப்ரவரி 11ஆம் தேதி குண்டுவீச்சில் அந்த இந்திய மருத்துவமனை தீப்பற்றியது. அத்தாப்புக் கூரைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தீயைக் கடத்தின. பக்கத்து முகாமிலிருந்த ஸ்காட்லாந்துப் படையினர் ஓடிவந்து பலரை வெளியே தூக்கி வந்தனர். எழுந்து நடக்க முடியாத பலர் படுக்கையிலேயே கருகினர்.

பிப்ரவரி 14ஆம் தேதி பிற்பகலில் ஜப்பானியப் படையினர் அலெக்சாண்ட்ரா மருத்துவமனைக்குள் நுழைந்தனர். வெள்ளைக் கொடியோடு எதிரே சென்ற அதிகாரியைத் துப்பாக்கி ஈட்டியால் குத்திக் கொன்றனர். அறுவைக்கூடத்தில் இருந்தவர்களும் தப்பவில்லை. வெளியே இழுத்துச் செல்லப்பட்டவர்களைச் சிறு அறைகளில் இரவு முழுவதும் அடைத்துவைத்து, மறுநாள் கொன்றனர். நோயாளிகளும் ஊழியர்களுமாக சுமார் 200 பேர் உயிரிழந்தனர். மருத்துவமனைக்குப் பாதுகாப்பு என்று செஞ்சிலுவை அடையாளத்தை நம்பியிருந்தார்கள். துப்பாக்கியோடு பின்வாங்கும் படையும், துரத்தி வரும் படையும் ஒரே வளாகத்தைச் சூழ்ந்தபோது அந்த அடையாளத்தை யாரும் மதிக்கவில்லை.

கடைசி வாரம்: தேவாலயம் முதல் தபால் நிலையம் வரை

பிப்ரவரி 8ஆம் தேதி இரவு ஜப்பானியர் ஜொகூர் நீரிணையைக் கடந்த பிறகு, மருத்துவமனைக்குரிய நிலப்பரப்பு நாளுக்கு நாள் சுருங்கியது. புக்கிட் தீமா பக்கம் இருந்த ஆஸ்திரேலியப் பிரிவு நகருக்குள் வந்து, 1939இல் திறக்கப்பட்ட கேத்தே கட்டடத்திலும் நோயாளிகளைக் கிடத்தியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் வழிபாட்டு இருக்கைகள் இருந்த இடத்தில் காயம்பட்டவர்கள் வரிசையாகப் படுத்திருந்தனர். விக்டோரியா நினைவு மண்டபம் மருத்துவமனையானது. தலைமைத் தபால் நிலையம் இருந்த ஃபுல்லர்ட்டன் கட்டடத்திலும் தற்காலிக அறுவைக்கூடம் இயங்கியது.

இந்தக் கட்டடங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. தடித்த சுவர், பெரிய கூடம், கடற்கரைக்கு அருகாமை. ஆனால் எல்லாம் ஒரே பகுதிக்குள் நெருக்கமாக இருந்தன. நாலாபுறமும் பீரங்கி எட்டும் தூரத்துக்குள் வந்தபின், பாதுகாப்பான மூலை என்று எதுவும் மிஞ்சவில்லை.

தாதியரில் பலர் கப்பல்களில் அனுப்பப்பட்டனர். பிப்ரவரி 12ஆம் தேதி புறப்பட்ட 'வைனர் புரூக்' கப்பலில் 65 ஆஸ்திரேலியத் தாதியர் இருந்தனர். பாங்கா தீவுக்கு அருகே அது மூழ்கடிக்கப்பட்டது. 12 பேர் கடலில் மாண்டனர். கரையேறிய 21 பேரை ஜப்பானியர் கடற்கரையில் சுட்டுக் கொன்றனர். சிறைப்பட்ட 32 பேரில் 8 பேர் முகாம்களில் இறந்தனர். உயிரோடு வீடு திரும்பியவர்கள் 24 பேர். உள்ளூர்த் தாதியருக்கு ஏறிப்போகக் கப்பல் இல்லை. அவர்கள் வார்டுகளிலேயே இருந்தனர்.

தண்ணீர்

எல்லாத் தட்டுப்பாட்டிலும் பெரியது தண்ணீர்த் தட்டுப்பாடு. ஜொகூரின் கூனோங் பூலாயிலிருந்து வந்த குழாய், ஜனவரி 31ஆம் தேதி கடற்பாலம் தகர்க்கப்பட்டபோது துண்டிக்கப்பட்டது. பிறகு தீவின் நீர்த்தேக்கங்களும் எதிரியின் வசமாயின. நகருக்குள் குழாய்கள் குண்டுபட்டு உடைந்து, வந்த கொஞ்ச நீரும் தெருவில் ஓடியது. அதிகம் போனால் இரண்டு நாளுக்குத்தான் தண்ணீர் தாங்கும் என்று தளபதி பெர்சிவலிடம் சொல்லப்பட்டது. அவர் சரணடைய முடிவெடுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டில் தண்ணீர் நின்றால் சிரமம். மருத்துவமனையில் நின்றால் சாவு. காயத்தைக் கழுவ, கருவியைக் கொதிக்க வைக்க, இரத்தம் தோய்ந்த துணியை அலச, கழிப்பறையைச் சுத்தம் செய்ய, தீயை அணைக்க எல்லாவற்றுக்கும் அது வேண்டும். கட்டிலும் மருந்தும் இருந்தும் தண்ணீர் இல்லாவிட்டால் வயிற்றுக்கடுப்பும் சீழும் படுக்கைக்குப் படுக்கை பரவும்.

இதை முன்கூட்டியே யோசித்தவர்களும் இருந்தனர். அவுட்ரம் மருத்துவமனை வளாகத்தில் போருக்கு முன்பே அவசரத் தண்ணீர்த் தொட்டிக்காக ஒரு பெரிய குழி தோண்டப்பட்டிருந்தது. சரணடைவதற்கு முந்தைய நாட்களில் அங்கே இறந்தவர்களைத் தனித்தனியாக அடக்கம் செய்ய வழியே இல்லாமல் போனது. அந்தத் தொட்டிக் குழியிலேயே 400க்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்கப்பட்டன. பொதுமக்களும் படைவீரர்களும், எல்லா இனத்தவரும் அதில் ஒன்றாகக் கிடந்தனர்.

அதே வளாகத்தில் இன்னொரு துயரமும் நடந்தது. பிப்ரவரி 14ஆம் தேதி தான் டோக் செங் மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவ மாணவர் ஒருவர் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். நண்பர்கள் அவரை அவுட்ரம் வளாகத்தில் அடக்கம் செய்துகொண்டிருந்தபோது அங்கும் குண்டுகள் விழுந்து, பல மாணவர்கள் மாண்டனர்.

சரணடைந்த பிறகு

வந்த சில நாட்களிலேயே ஜப்பானிய ராணுவம் பொது மருத்துவமனையைத் தன் வீரர்களுக்காக எடுத்துக்கொண்டது. அங்கிருந்த நோயாளிகள் இயோ சூ காங் மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனை பொதுமக்களுக்கான பொது மருத்துவமனையாக ஆனது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளுக்காக சாங்கி ராபர்ட்ஸ் முகாமில் மருத்துவமனை அமைந்தது.

நோயாளிகளும் ஊழியர்களும் அதே ஆட்கள்தான். இடம் மட்டும் மறுபடி மறுபடி மாறிக்கொண்டிருந்தது.

இன்று எஞ்சியிருப்பவை

அலெக்சாண்ட்ரா மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. அவுட்ரமில் பழைய போயர் கட்டடத்தின் மணிக்கூண்டுப் பகுதி நிற்கிறது. செயின்ட் பேட்ரிக்ஸ் மறுபடி பள்ளிக்கூடம். ஃபுல்லர்ட்டன் கட்டடம் ஹோட்டல் ஆகிவிட்டது. டயர்சாலில் குடிசைகள் இருந்த இடத்தைக் காடு மூடியிருக்கிறது.

அவுட்ரம் குழியில் கிடந்தவர்களை அடையாளம் காண முடியாது என்பதால், போருக்குப் பின் அதைத் தோண்டாமல் அப்படியே மூடி, மேலே ஒரு சிலுவை நாட்டினர். அங்கே புதைக்கப்பட்ட 107 காமன்வெல்த் படையினரின் பெயர்கள் கிராஞ்சி போர் நினைவிடத்தில் உள்ள தனிச் சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அதே குழியில் கிடக்கும் பொதுமக்களின் பெயர்கள் அந்தச் சின்னத்தில் இல்லை.

கிராஞ்சியில் ஆண்டுதோறும் நினைவுநாள் வழிபாடு நடக்கிறது. தஞ்சோங் பகாரில் வேலை பார்த்து, 1942 பிப்ரவரியில் அவுட்ரம் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பாத தாத்தாவோ பாட்டியோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், அந்தப் பெயரையும் ஊரையும் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அவர்களின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது குடும்பத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள்.